இருக்கேன் பெரியப்பா

— நீ சொல்லாத. அவளைச் சொல்லச் சொல்லு.

— ஐயோ மாமா, அண்ணி பிரசவ வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்காங்க. நான் பக்கத்துலதான உட்கார்ந்திருக்கேன். அண்ணி இருக்காங்கன்னு நான் சொன்னா ஆகாதா?

— ஆகாது. கூட ஏறினவங்க சொல்றதை நான் காதுல போட்டுக்கிறதில்ல. படுத்திருக்கிறவ வாயால வரணும். குட்டி! இருக்கியா?

— ...இருக்கேன் பெரியப்பா.

— ம். இது போதும். இனி கொஞ்ச தூரத்துக்கு நான் கேக்க மாட்டேன், நீ வலியைப் பாத்துக்க.

— இந்தச் சாக்கைத் தூக்கிட்டு ஒரு தரம் எட்டித்தான் பாருங்களேன் மாமா. உங்க முதுகுக்குப் பின்னாடிப் பலகையிலதான ஓட்டை இருக்கு.

— பாக்க மாட்டேன். பாக்கக் கூடாதுன்னுதான் சாக்கு தொங்க விட்டிருக்கேன். ஓட்டுறவனுக்குக் காது போதும்.

— மேல கட்டின தார்ப்பாய் ஒழுகுது. கீழ போட்டிருக்கிற சாக்கெல்லாம் ஈரம்.

— கிழங்கு ஏத்துற வண்டிடி இது. ஒழுகத்தான் செய்யும். காலிச் சாக்கு இன்னும் ரெண்டு மூலையில கிடக்கும், எடுத்து அவ இடுப்புக்குக் கீழ குடு. குலுக்கல் தாங்கும்.

— அந்த ஆம்புலன்ஸ் போன்ல பேசின பொண்ணு மட்டும் ஒழுங்கா பேசியிருந்தா...

— பேசி என்ன பண்ணுவா? என்ன கேட்டா உங்கிட்ட?

— வீட்டு வாசல்ல என்ன அடையாளம்னு கேட்டா. மரம்னு சொன்னேன். என்ன கடை பக்கத்துலன்னு கேட்டா. கடை இல்லைன்னேன். அவ பாக்குற படத்துல நம்ம ஊரே இல்லையாம் மாமா. பச்சையா இருக்காம், அவ்வளவுதானாம். ஆம்புலன்ஸ் தார் ரோடு முடியிற இடம் வரைக்கும்தான் வருமாம், நோயாளியை அங்க கொண்டு வந்து நிறுத்தணுமாம்.

— நிறுத்தணுமாமா! ஆமா, பெரிய இது. தார் ரோடு வரைக்கும் கொண்டு வரத் தெரிஞ்சவனுக்கு மிச்சத்தைக் கொண்டு வரத் தெரியாதா? அந்த வண்டியை நம்பி அங்க போய் நின்னவங்க நின்னுக்கிட்டே இருக்காங்க. எவன் கண்டான், இன்னும் நிக்கிறாங்களோ என்னமோ.

— அப்படிப் பேசாதீங்க. அண்ணி காதுல விழுது.

— ராத்திரியே என்னைக் கூப்பிட்டிருக்கணும் நீங்க.

— சுகாதார நிலையத்துக்குத்தான் முதல்ல தூக்கிட்டுப் போனோம். பூட்டியிருந்துச்சு.

— பூட்டியிருக்கும்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சும் ஏன் போனீங்க?

— வேற எங்க போறது மாமா? சுவத்துல டாக்டர் பேர் எழுதியிருக்கே. இந்த முறையாவது வந்திருப்பாரோன்னு.

— சுவத்துலதான் குடியிருக்காரு அவரு. உள்ள இருக்கிறது ஒரு தராசு. புள்ளையைப் போட்டு நிறுக்கிறது. போன அறுவடையில ஜன்னல் வழியா எடுத்து நான் அதுலதான் விதைக் கிழங்கு நிறுத்தேன். சரியா நிக்குது, பொய் சொல்லாத தராசு. புள்ளைதான் ஒண்ணும் ஏறல இதுவரைக்கும்.

— ஊசி போட வர்ற நர்ஸக்கா நல்லவங்க மாமா. போன தடவை அண்ணி காலைப் பாத்துட்டு, வீக்கமா இருக்கு, பட்டணத்துக்குப் போங்கன்னு சொன்னாங்க.

— சொல்லுவா. சொல்றதுக்கு என்ன? மழையில பாதை போச்சு, கிழங்கு ஏத்தாம நான் வண்டி எடுக்க முடியாது, இவ புருஷன், அதான் உன் அண்ணன், எந்த ஊர்ல எவன் வீட்டைக் கட்டிக்கிட்டு இருக்கானோ தெரியாது. போங்கன்னா எதுல போறது? பறந்தா? குட்டி! இருக்கியா?

— ...ம்.

— ம் எல்லாம் வேணாம். வாயைத் திறந்து சொல்லு.

— இருக்கேன்... பெரியப்பா. வாயைத் திறந்தா... கத்தல்தான் வருது.

— கத்து. கத்துனா இன்னும் நல்லது. கத்துறவ எங்கயும் போயிட மாட்டா.

— நீங்க ஏன் மாமா இவ்வளவு கறாரா இருக்கீங்க? ஊர்ல சொல்லுவாங்க, நான் விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன்.

— விளையாட்டா? ஊரே கூடி உட்கார்ந்து போட்ட சட்டம்டி வாயாடி. ஓட்டுறவன் கூப்பிடணும், படுத்திருக்கிறவங்க பதில் சொல்லணும். மூணு தரம் கூப்பிட்டும் பதில் வரலைன்னா வண்டி திரும்பணும். மலையைப் பாதி எறங்கியிருந்தாலும் சரி, பட்டணம் கண்ணுக்குத் தெரிஞ்சாலும் சரி. ஊருக்கு வந்து மண்ணுக்குள்ள போகணும்.

— மூச்சு லேசா இருந்தா? பேசத்தான் முடியலைன்னா?

— அதையெல்லாம் பாக்க எனக்குத் தெரியாது. நாடி பிடிக்கத் தெரிஞ்சவன் யாரு இருக்கான் நம்ம ஊர்ல? பதில் வருதா, உயிர் இருக்கு. வரலையா, இல்ல. நமக்குத் தெரிஞ்ச வைத்தியம் இவ்வளவுதான்.

— கூட வர்றவங்க பொய் சொல்ல மாட்டாங்களா?

— சொல்லுவாங்க. அதனாலதான உன்னைச் சொல்லாதன்னு சொன்னேன். ஒருத்தன் அப்பனைக் கூட்டிட்டு வந்தான். அப்பனுக்கு நெஞ்சுச் சளி. நான் கூப்பிடக் கூப்பிட பின்னாடியிருந்து இருமிக்கிட்டே இருக்கேன்டா, இருக்கேன்டான்னு பதில் வருது. டீசல் போட எறங்கிப் பாத்தா அப்பன் முகத்துல ஈ உட்கார்ந்திருக்கு, மகன் இருமுறான்.

— ஐயோ!

— நல்லாத்தான் இருமினான். அப்பன்கூட அவ்வளவு நல்லா இருமினதில்ல.

— சிரிக்க வைக்காதீங்க மாமா, அண்ணி முறைக்கிறாங்க.

— முறைக்கிறாளா? நல்லது. முறைக்கட்டும்.

— ஆனா ஏன் திருப்பணும்? அவ்வளவு தூரம் வந்தாச்சுன்னா போய்த்தான் பாக்கலாமே. பெரிய டாக்டருங்க. ஒரு ஊசியில எழுப்பி உட்கார வச்சிட்டா?

— ஏன்னு அவகிட்டயே கேளு. அவ அம்மாவுக்காகப் போட்ட சட்டம் அது.

— அண்ணியோட அம்மாவா?

— என் தம்பி பொண்டாட்டி. இதே வண்டி, இதே இடம், இவளை மாதிரியே வயித்தைத் தள்ளிக்கிட்டு. பேச்சு நின்னு போச்சு. அப்ப சட்டம் கிட்டம் ஒண்ணும் இல்ல, நான் பாட்டுக்கு ஓட்டிட்டுப் போனேன். பட்டணத்துல வாங்கி உள்ள வச்சுக்கிட்டானுங்க. உயிரில்லாம ஏன் கொண்டு வந்தன்னு கேட்டான். யாரு அடிச்சதுன்னு கேட்டான். வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கிட்டான். என் தம்பி அந்த வாசல்லயே படுத்துக் கிடந்தான். கடைசியில அறுத்து, துணியில சுத்தி, கயிறு போட்டு, ஒரு பொட்டலம் குடுத்தானுங்க. அவுத்து முகத்தைப் பாக்கக் கூடாதாம்.

— பாக்கவே இல்லையா?

— பாக்கல. தம்பி பாக்குறேன்னான், முடிச்சு விழுந்த இடத்துல காகிதம் ஒட்டி முத்திரை குத்தியிருந்துச்சு, கிழிச்சா கேஸுன்னானுங்க. கொண்டு வந்து பொதைச்சோம். உள்ள இருந்தது அவதானான்னு எவன் கண்டான்? பத்துப் பேர் செத்துக் கிடக்கிற அறையில எவளைச் சுத்தினானோ. என் தம்பி சாகுற வரைக்கும் அந்தக் குழிக்குப் போகல. அது யாரோ, அண்ணே, அது யாரோம்பான். அப்பத்தான் ஊர்ல முடிவு பண்ணினோம். செத்தா நம்மகிட்டயே சாகட்டும். நம்ம ஆளை நம்ம கையால பொதைக்கிறதாவது நமக்கு இருக்கட்டும்.

— ...பெரியப்பா.

— என்னம்மா? நான் கூப்பிடலையே.

— திருப்பிடாதீங்க.

— நீ பதில் சொல்லிக்கிட்டே வா, நான் ஏன் திருப்பப் போறேன்?

— நான்... சொல்லாட்டியும்.

— கிறுக்கு மாதிரிப் பேசாத. மூச்சைச் சேத்து வை. வாயாடி, அவளுக்குத் தண்ணி குடு.

— குடுத்தேன் மாமா, உள்ள எறங்கல, ஓரமா வழியுது. மாமா... இந்தச் சாக்கு ஈரம்... மழைத் தண்ணின்னு நெனச்சேன்.

— மழைத் தண்ணிதான்.

— கையில ஒட்டுது மாமா. தார்ப்பாய் ஓரத்து வெளிச்சத்துல பாத்தா சிவப்பா இருக்கு. என் பாவாடை பூரா சிவப்பு.

— எவ்வளவு நேரமா?

— தெரியலையே! தார்ப்பாய்க்குள்ள இருட்டா இருக்கு, எனக்கு எப்படித் தெரியும்! அண்ணி! அண்ணி, இங்க பாருங்க. மாமா, அண்ணி கை ஜில்லுன்னு இருக்கு.

— குட்டி! இருக்கியா?

— அண்ணி, சொல்லுங்க. இருக்கேன்னு சொல்லுங்க அண்ணி.

— நீ பேசாம இரு. குட்டி! ஏய் குட்டி! பெரியப்பா கூப்பிடுறேன். இருக்கியா?

— ரெண்டு ஆச்சு மாமா, மூணாவது கூப்பிடாதீங்க! கொஞ்சம் பொறுங்க, தூங்குறாங்க, உங்களைக் கும்பிடுறேன், கூப்பிடாதீங்க!

— கத்தாத. ஆத்துக்கு வந்துட்டோம். தண்ணி பாதிச் சக்கரத்துக்கு ஓடுது. எறங்கு.

— எங்க எறங்குறது?

— ஆத்துலதான். தண்ணிக்குள்ள போனதும் பின்னாடியிருந்து தள்ளணும், இல்லைன்னா கல்லுல மாட்டிக்கும். உன் முழங்காலுக்கு மேல வராது. தள்ளிட்டு, அந்தப் பக்கம் மேடு ஏறுறப்போ ஓடி வந்து தொத்திக்க. மேட்டுல நான் நிறுத்த முடியாது, நிறுத்தினா பின்னாலயே உருண்டு ஆத்துல விழும். ஏறினதும் பலகையைத் தட்டு, நான் தெரிஞ்சுக்கிறேன்.

— அண்ணியைத் தனியா விட்டுட்டா?

— இந்தத் தண்ணியைத் தாண்டுற வரைக்கும்தான். எறங்குடி! தள்ளு! ம்... இன்னும்! தோளைக் குடுத்துத் தள்ளு! அவ்வளவுதான், ஏறுது, ஏறுது! ஓடி வா! பின்பலகையைப் பிடி! ...எங்க, ஏறிட்டியா? இந்த எஞ்சின் போடுற சத்தத்துல ஒண்ணும் கேக்கலையே. தட்டு! ...ம், தட்டிட்ட. கேட்டுச்சு. ரெண்டு தட்டு கேட்டுச்சு. கெட்டியா பிடிச்சு உட்காரு.

— ...

— சரி. மேடு முடிஞ்சுது. இனிமே பாதை பரவாயில்ல. நீ வேணாம்னாலும் நான் கூப்பிடத்தான் வேணும் வாயாடி. சட்டம்னா எல்லாருக்கும்தான். என் தம்பி மகளா இருந்தா மட்டும் மாறுமா? ...குட்டி. இருக்கியாம்மா?

— இருக்கேன் பெரியப்பா.

— ...

— இருக்கேன். ஓட்டுங்க.

— குரல் தெளிவா இருக்கே.

— வலி போயிடுச்சு.

— போயிடுச்சா. அப்படியா. சட்டுன்னு எப்படிப் போச்சு?

— போயிடுச்சு பெரியப்பா. ஆத்தைத் தாண்டினதும்.

— ஏய் வாயாடி. நீ ஏன் இப்ப வாயைத் திறக்க மாட்டேங்கிற? வண்டி ஏறினதுலேர்ந்து ஓயாம பேசிக்கிட்டு வந்தவ. உன் அண்ணி பேசினதும் அண்ணின்னு ஒரு கூச்சல் போட்டிருக்க மாட்ட?

— ...

— சரி. புரிஞ்சுது. எனக்கு வயசுதான் ஆச்சு, காது போகல. என்னை மாமான்னு கூப்பிடுறவ பெரியப்பான்னு கூப்பிட்டா நான் நம்பிடுவேன்னு பாக்குற. நல்லாத்தான் பேசுற, அந்த இருமல்காரனைவிட நல்லா பேசுற. அந்த இழுவைகூட அப்படியே இருக்கு. நிறுத்தி, எறங்கி, தார்ப்பாயைத் தூக்கிப் பாக்கட்டுமா?

— வேணாம் பெரியப்பா. பாத்தா திருப்பிடுவீங்க.

— அப்ப போயிட்டா.

— ...

— கேக்குறேன்ல. போயிட்டாளா?

— புள்ள அசையுது பெரியப்பா.

— என்ன?

— அசையுது. காலால உதைக்குது. நிறுத்தாதீங்க.

— ஆத்தா செத்தா புள்ளையும் செத்துப் போகும்டி. அது எப்படி அசையும்?

— அசையுது. அதுக்குத் தெரியல. அதுபாட்டுக்கு இருக்கு. நீங்க திருப்பினா அதையும் சேத்துத்தான பொதைப்பீங்க?

— ...

— பெரியப்பா.

— இரு. கண்ணு மறைக்குது. வளைவு... இரு.

— கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஓட்டுங்க.

— உயிரில்லாதவளைக் கொண்டு போய் நிறுத்தினா என்ன பண்ணுவானுங்கன்னு இப்பத்தான சொன்னேன். இவளையும் அறுப்பானுங்க. இவளையும் கயிறு போட்டுக் கட்டுவானுங்க. இவ அம்மாவை ஒரு தரம் அப்படித் தூக்கிட்டு வந்தவன் நான். இன்னொரு தரம் என்னால ஆகாது.

— கட்டினா கட்டட்டும். பொட்டலத்தை அவுத்துப் பாக்க வேணாம், பெரியப்பா. யாரா இருந்தா என்ன, பொதைச்சிடுங்க. புள்ளையை வாங்குறப்போ மட்டும் நல்லா பாத்து வாங்குங்க.

— அவ இருந்தா இதைத்தான் சொல்லியிருப்பா. அவளை எவ்வளவு புரிஞ்சு வச்சிருக்க நீ. நாத்தனார்னா சண்டைதான் போடுவான்னு நெனச்சேன்.

— ...

— சரி. கேட்டுக்க. நீ குட்டி மாதிரியே பேசிக்கிட்டு வா. நான் நம்புற மாதிரியே ஓட்டுறேன். நான் கூப்பிடுவேன், நீ சொல்லணும். ஊர்ல கேட்டா மூணாவது தரம் பதில் வந்துச்சுன்னு சொல்லுவேன். பொய்யில்ல. வந்துச்சுதான?

— வந்துச்சு.

— குட்டி. இருக்கியா?

— இருக்கேன் பெரியப்பா.

— தார் ரோடு வந்துடுச்சு. பாரு, இங்கதான் வந்து நிக்கணுமாம். ஆம்புலன்ஸ் நிக்குதான்னு பாத்தியா? ஒரு நாய் நிக்குது. அதுவும் நனைஞ்சுக்கிட்டு.

— வேகமா போங்க.

— வேகமாத்தான் போறேன். இந்த வண்டிக்கு இதுக்கு மேல கிடையாது. பேசு. பேசலைன்னா எனக்கு என்னமோ ஆகுது. அவ சின்ன வயசுக் கதை ஏதாவது தெரியுமா உனக்கு?

— அம்மை குத்த ஆத்துக்கு அந்தப் பக்கம் வந்தாங்க. ஆத்துல தண்ணி. நீங்க என்னைத் தோள்ல வச்சுக்கிட்டுத் தாண்டினீங்க. நடுத்தண்ணியில பயத்துல உங்க காதைக் கடிச்சுட்டேன்.

— அதைக்கூட உங்கிட்ட சொல்லிருக்காளா! ரத்தம் வர்ற மாதிரி கடிச்சா. நான் யார்கிட்டயும் சொல்லல, மானம் போகும்னு. கதவுல அடிச்சுக்கிட்டேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

— தண்ணிக்குள்ள போடப் பாத்தீங்க.

— போட்டிருப்பேன். பல்லை எடுத்தாத்தான! போய்ச் சேந்தப்போ ஊசிக்காரங்க கிளம்பிட்டாங்க, நேரம் முடிஞ்சு போச்சாம். கடிச்சது மட்டும்தான் மிச்சம்.

— வலிச்சுதா?

— இப்ப வலிக்குது.

— ...

— பட்டணம் வந்துடுச்சு. சாக்குச் சந்துல வெளிச்சம் தெரியுதா? இவனுங்களுக்குப் பகல்லயும் விளக்கு. பாரு, ஒரே தெருவுல, பல்லுக்கு ஒரு ஆஸ்பத்திரி, கண்ணுக்கு ஒண்ணு, முடி கொட்டுறதுக்கு ஒண்ணு. அட, நாய்க்கு ஒண்ணு! போர்வை போத்தி ஒருத்தி தூக்கிட்டுப் போறா, கதவு தானா திறக்குது. நம்மளுக்கு ஒரு பூட்டு. அதுக்கும் சாவி எவன்கிட்ட இருக்குன்னு தெரியாது. குட்டி! இருக்கியா?

— இருக்கேன். புள்ள கொஞ்சமாத்தான் அசையுது இப்ப.

— யோவ்! ஒதுங்குய்யா! ஆளு சாகக் கிடக்குது! ...என்ன சொல்றான் தெரியுமா, கிழங்கு அழுகிடாது, மெதுவா போன்னு சொல்றான். சிரிக்கிறான். இவனுங்க தட்டுக்குக் கிழங்கு கொண்டு வர்றப்போ மட்டும் வழி விடுவானுங்க.

— பெரியப்பா, சங்குச் சத்தம்.

— ஆம்புலன்ஸ். பின்னாடி வருது. எல்லாவனும் ஒதுங்குறான் பாரு, தண்ணியைப் பிளந்த மாதிரி. நல்லதாப் போச்சு. அது தாண்டினதும் அதோட வாலைப் பிடிச்சுக்கிட்டே போறேன். திட்டட்டும். பிடிச்சுக்க!

— பிடிச்சுக்கிட்டேன்.

— வந்துட்டோம். வாசல் தெரியுது. குட்டி! வாயாடி! யாரா இருந்தாலும் சொல்லு, இருக்கியா?

— இருக்கேன் பெரியப்பா. நீங்க போய்க் கூப்பிடுங்க. இனிமே அவங்க பாத்துக்குவாங்க.

— ஏய், ஏய், இந்தாப்பா! வண்டியை எங்க விடுற? காய்கறி வண்டியெல்லாம் பின் வாசல். கேன்டீன் அந்தப் பக்கம்.

— கிழங்கு இல்லய்யா காவக்காரரே, ஆளு! புள்ளத்தாச்சி! உள்ள போய்ச் சொல்லு, ஓடு! கூட ஒரு பொண்ணு இருக்கா, அவளும் ரத்தமாத்தான் இருப்பா, பயப்படாத!

— சிஸ்டர்! சிஸ்டர், இங்க வாங்க! தள்ளுவண்டி எடுத்துட்டு வாங்க!

— நீங்க இங்கயே நில்லுங்க பெரியவரே. உள்ள வரக்கூடாது.

— அசையுதும்மா. வயித்துல புள்ள அசையுது. அதை முதல்ல பாருங்க.

— நாங்க பாத்துக்கிறோம். நில்லுங்க.

— நிக்கிறேன். நிக்கிறதுதான எங்க வேலை.

— பெரியவரே... பெரியவரே, எழுந்திருங்க. பெஞ்சு இருக்கே, ஏன் தரையில உட்கார்ந்திருக்கீங்க?

— நர்ஸம்மா. சொல்லுங்க.

— பொண்ணு பொறந்திருக்கு. எடை கம்மிதான், ஆனா நல்லா கத்துது. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கோம். பொழைச்சிடும்.

— நல்லா பாத்துச் சொல்லுங்க. எங்க புள்ளதானா? மாத்திடலையே?

— என்ன பேச்சு இது! இப்ப பொறந்தது ஒரே ஒரு குழந்தைதான்.

— என் கண்ணால பாத்துத்தான் வாங்குவேன்.

— பாருங்க. ...அம்மாவைப் பத்தி உங்ககிட்ட...

— தெரியும்.

— தெரியுமா? தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் கழிச்சுக் கொண்டு வந்தீங்க? முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?

— முன்னாடின்னா எப்ப? உண்டாகுறதுக்கு முன்னாடியா? நாங்க எப்ப கிளம்பினாலும் உங்களுக்கு லேட்டுதாம்மா. எங்க ஊரு அங்க இருக்கு.

— ...சரி, கோபப்படாதீங்க. நான் கேக்க வந்தது வேற. அவங்க உயிர் எப்போ போச்சு?

— ஆத்துக்கிட்ட. வெயில் வர்றதுக்கு முன்னாடி. பேச்சு நின்னு போச்சு.

— காலையிலயா? இப்ப பொழுது சாயுது பெரியவரே.

— நான் என்ன பண்ண, வண்டி அவ்வளவுதான் போகும்.

— அதைச் சொல்லல. உடம்பு விறைச்சிருக்கு, நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா தாய் மூச்சு நின்னா வயித்துப் புள்ள கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. இது நடக்குற காரியமே இல்ல. டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழட்டாம அப்படியே உட்கார்ந்திருக்காங்க. கூட இருந்தவங்ககிட்ட பேசணும்னு சொன்னாங்க. பின்னாடி யாரு இருந்தது?

— அவ நாத்தனார். அவகிட்டத்தான் கேக்கணும். எல்லாம் அவ பண்ணின வேலைதான்.

— என்ன வேலை?

— எங்களுக்கு ஒரு சட்டம் உண்டும்மா, பேச்சு நின்னா வண்டியைத் திருப்பணும். நான் திருப்பிடக் கூடாதுன்னு, செத்தவ குரல்ல எங்கிட்ட பேசிக்கிட்டே வந்தா. ஆத்துலேர்ந்து உங்க வாசல் வரைக்கும். இருக்கேன், இருக்கேன்னு. எனக்குத் தெரியும், இருந்தும் ஓட்டினேன். இந்தப் புள்ளையைப் பெத்தது அவதான்னு வச்சுக்குங்க. முதல்ல அவளுக்குக் காட்டுங்க.

— ஆனா வண்டியில வேற யாரும் இல்லையே.

— குதிச்சு ஓடியிருப்பா. பயந்த கழுதை. ரத்தத்தைக் கழுவப் போயிருப்பா.

— தார்ப்பாயைத் தூக்கினது நான்தான் பெரியவரே. அவங்க மட்டும்தான் இருந்தாங்க. ஒரு கை முன்பக்கம் சாக்கு தொங்குற ஓட்டைக்குக் கீழ பலகை மேல இருந்துச்சு. எடுக்கவே வரல.

— அதோ பாருங்க, வர்றா. சொன்னேன்ல. வாடி வாயாடி! எங்கடி போய்த் தொலைஞ்ச? அழாத, வா, பொண்ணு பொறந்திருக்கு. குரலை மாத்திப் பேசினதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

— என்ன குரல் மாமா? நில்லுங்க நில்லுங்கன்னு கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே போச்சு. அந்த மேட்டுல ஓடி வந்து வழுக்கி விழுந்தேன், நீங்க திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டீங்க. ஆத்துக்கரையிலயே கிடந்தேன், இப்பத்தான் ஒரு பால் வண்டிக்காரன் ஏத்திக்கிட்டு வந்து இறக்கி விட்டான். சொல்லுங்க மாமா, பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லாம, ஒத்தையில, அண்ணி அவ்வளவு தூரம் எப்படி வந்தாங்க?